ஜெராக்ஸிலிருந்து ஒரு ஜெராக்ஸ்

முதல் பாகத்தை நான் அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபடி பார்த்தவன். எட்டாவது மாதத்தில், குடியாத்தத்துத் தியேட்டர் ஒன்றில் மர நாற்காலியில் உட்கார்ந்து அம்மா அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். "சண்ட சீனு வந்தப்ப நீ உள்ள உட்ட ஒத இருக்கே, அப்பிடியே எழுந்து நின்னுட்டேன்" என்று இன்றும் சொல்லுவாள். ஆகவே இரண்டாம் பாகம் வருகிறது என்றதும், பரம்பரைச் சொத்தில் பங்கு வந்ததைப் போல எனக்கு ஓர் உரிமை உணர்ச்சி.

எனக்கு சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து வியாபாரம் கொஞ்சம் மட்டுதான். வாணியம்பாடி, ஆம்பூர் ஆட்களெல்லாம் மனு கொடுக்கத் திருப்பத்தூர் போகிறார்கள். ஆற்காடு, அரக்கோணம் ஆட்கள் ராணிப்பேட்டை போகிறார்கள். ஒன்றைப் பாகம் பாகமாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை, சனிக்கிழமை விஜயதசமி, அப்புறம் ஞாயிறு. மூன்று நாள் லீவு. மெஷினைத் துடைத்து, கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு வைத்து (அந்தப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டு அடுத்த ஒரு வாரத்துக்கு ஊரார் ஆதாரிலெல்லாம் நெற்றியில் விழும், அது வேறு கதை), வாசலில் பூசணிக்காய் உடைத்துக் கடையைச் சாத்தினேன். சென்னையிலிருந்து மச்சினன் காட்பாடியில் வந்து இறங்கினான். "மாமா, முதல் பாகத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போனாதான் ரெண்டாவது புரியும்" என்று வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்தான். அவன் செய்த தப்பு அதுதான். படம் அப்படி இருந்தது. ஒவ்வொரு வசனத்தையும் அம்மா ஒரு விநாடி முன்னாலேயே சொன்னாள். படுக்கும்போது மணி ஒன்று.

சனிக்கிழமை மேட்னி ஷோ. வீட்டில் ஆயுத பூஜைப் பொரி இரண்டு படி மிச்சம். தியேட்டரில் பாப்கார்ன் 180 ரூபாய் என்று தெரிந்ததும் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பொரி, கடலை, வெல்லம் மூன்றையும் கலந்து, பழைய ஸ்கேன் கவர் ஒன்றில் கொட்டி மடித்துக்கொண்டாள். பெரிய கவர், மேலே ஆஸ்பத்திரிப் பெயர். வாசலில் செக்யூரிட்டி என் மனைவியின் கைப்பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்து வைத்தார். அம்மா ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்தபடி லேசாக இருமினாள். "பார்த்துப் போங்கம்மா, படி இருக்கு" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வேலூரில் ஸ்கேன் கவரை ஒருத்தரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

படத்துக்கு வருகிறேன். ஹீரோ வர நாற்பது நிமிடம். வந்ததும் முதல் பாகத்து மியூசிக்கைப் போட்டார்கள், தியேட்டரே விசில் அடித்தது, நானும் அடித்தேன். உண்மையாகச் சொன்னால் என் காசு அந்தப் பத்து விநாடிக்குச் சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரிஜினலை வைத்து எடுத்தால் ஜெராக்ஸ் பளிச்சென்று வரும். ஜெராக்ஸை வைத்து இன்னொரு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து தடிக்கும், போட்டோவில் முகம் இருந்த இடத்தில் கருப்பு முட்டை விழும். வெளிச்சத்தைக் கூட்டலாம், சைஸைப் பெரிதாக்கலாம், முகம் மட்டும் வராது. இங்கேயும் அதே கதை. அதில் ஒரு வில்லன், இதில் நாலு. அதில் மழையில் சண்டை, இதில் வெள்ளத்தில் சண்டை. அதில் ஹீரோ ஒரு பார்வை பார்ப்பார். இதில் கேமராவைப் பார்த்து அறிவுரை சொல்கிறார், சொல்கிறார், சொல்லிக்கொண்டே இருக்கிறார். நடுவில் தூங்கி எழுந்த அம்மா, "இன்னா நைனா, இன்னும் பேசினேதான் கீறாரா?" என்று கேட்டது நாலு வரிசைக்குக் கேட்டது.

ஹீரோவின் பேரன் சாகும் காட்சி. தியேட்டரில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில் நறுக், நறுக் என்று ஒரு சத்தம். அம்மாதான். நான் முழங்கையால் இடித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், மெதுவாக: "யக்கா, கொஞ்சம் பொரி இருந்தா குடேன்." கவர் பின்னால் போனது. அங்கிருந்து பக்கவாட்டில் போனது. பேரன் செத்து, எரித்து, ஹீரோ சபதம் எடுத்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் முழுக்கப் பொரி தின்றுகொண்டிருந்தது. காலி கவர் மட்டும் மரியாதையாகத் திரும்பி வந்தது.

கடைசியில் நிஜ வில்லன் யார் என்று கதவைத் திறக்கப் போகிறார்கள். கதவு பாதி திறந்ததும் திரை இருண்டு, 'மூன்றாம் பாகத்தில் சந்திப்போம்'. மூணே கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டுச் சொல்கிற பேச்சா இது?

"மேக்கிங் பாருங்க மாமா" என்றான் மச்சினன். அவன் அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். முதல் பாகத்து ஹீரோ பார்த்த அதே பார்வை. வீடு வரை ஆட்டோவில் ஒருவரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனசை ஆற்றிக்கொள்ளக் கோட்டைக்குப் போனோம். சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்களே, அந்த ஜலகண்டேஸ்வரர் கோயில். எத்தனையோ காலம் வெறும் கட்டடமாகக் கிடந்த இடத்துக்கு, 1981-ல் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா மச்சினனுக்கு அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "ரெண்டாம் பாகம்னா இதுடா" என்றாள். அவன் கல்யாண மண்டபத்துத் தூணில் இருந்த யாளியைப் போட்டோ எடுப்பதுபோல நகர்ந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் அணைக்கட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பட்டா நகல் ஒன்றை நீட்டினார். மடிப்பில் கிழிந்து, எழுத்தெல்லாம் சாம்பல் பூத்திருந்தது.

"ஒரிஜினல் இல்லீங்களா?"

"அது எப்பவோ போச்சுபா. இதே காப்பிதான்."

"இதுல எடுத்தா சரியா வராதுங்க."

"வந்த வரைக்கும் வரட்டும்" என்றவர், சட்டைப் பையில் சில்லறையைத் துழாவியபடி சொன்னார்: "மூணு போடு."