மழைநீரை மண்ணுக்குள் இறக்கிய கதை

திருவான்மியூரில் கடலுக்கு அருகிலுள்ள எங்கள் தெருவில், 2015 டிசம்பரில் கணுக்காலுக்கு மேல் நின்ற தண்ணீரை வாளியால் இறைத்து வெளியேற்றிய அதே குடும்பங்கள், சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையில் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தன. தண்ணீரை அவசர அவசரமாகக் கடலுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு அதையே விலைக்கு வாங்குகிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது எங்கள் வீட்டிலும் ஒரு குழி வெட்டியிருந்தோம். பூந்தொட்டியை நகர்த்தி அதன் மூடியைத் திறந்தேன். விளிம்புவரை கறுத்த வண்டலும் அதன்மேல் ஒரு டென்னிஸ் பந்தும் கிடந்தன. தெருவில் திறந்து பார்த்த மற்றக் குழிகளும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தன. அதனால் மழைநீரை மண்ணுக்குள் இறக்கத் தெருவுக்குப் பொதுவாக உறைக் கிணறுகள் தோண்டலாம் என்று யோசித்தோம்.

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் சேரும். வட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, மூன்றடி அகலமும் பதினைந்தடி ஆழமும் கொண்ட உறைக் கிணறு 3,000 லிட்டர்தான் பிடிக்கும் என்பதால், அது எவ்வளவு கொள்ளும் என்பதைவிட எவ்வளவு வேகமாக மண்ணுக்குள் விடும் என்பதே முக்கியம். ஐந்து இடங்களில் இரண்டடிக் குழி வெட்டி நீரூற்றிப் பார்த்தோம். மூன்றில் சில நிமிடங்களில் மணல் அதை உறிஞ்சிக்கொண்டது. கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய மேற்குக் கோடியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றது. ஆகவே மூன்று கிணறுகள் போதுமென முடிவு செய்தோம்.

தோண்ட வந்த பெரியவர் நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் கோடையிலேயே வேலையைத் தொடங்கச் சொன்னார். "மணல்ல குழிய வெட்டிட்டு உறை வைக்க முடியாதுங்க, உறைய வச்சுட்டு உள்ளேயிருந்து அள்ளணும், அது தானா இறங்கும்" என்றவர், சொன்னபடியே ஒவ்வொரு உறையாக இறக்கிக் காட்டினார்.

பணம் திரட்டுவதைவிட, எந்த நீரைக் கிணற்றில் விடுவது என்பதில்தான் வாக்குவாதம் நீண்டது. தெருவில் ஓடும் நீரையும் விடலாம் என்று சிலர் வற்புறுத்தினார்கள். வண்டி எண்ணெயும் நாய்க்கழிவும் கலந்த நீரை, நாம் குடிக்க எடுக்கும் மண்ணுக்குள் நேராக இறக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். முடிவில் மாடி நீர் கிணற்றுக்கும், தெரு நீர் ஓரத்தில் வெட்டிய ஆழமில்லாத செடிப்பள்ளங்களுக்கும் என்று பிரித்து, பள்ளங்களில் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டோம். கொசு வருமே என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், எங்கள் பள்ளங்களோ ஒரே நாளில் வற்றிவிடுகின்றன.

முதல் பருவமழையிலேயே இரண்டு தவறுகள் வெளிப்பட்டன. வடிகட்டுவதற்காகக் கிணற்றுக்குள்ளேயே நாங்கள் போட்டிருந்த ஜல்லியும் மணலும் வண்டல் அடைத்துக் கெட்டியாகிவிட்டன. அவற்றை அள்ளி எறிந்துவிட்டு, வெளியே தனியாக ஒரு வண்டல் தொட்டி கட்டி, அதன் மேல்மட்டத்திலிருந்து மட்டும் நீர் கிணற்றுக்குப் போகும்படி குழாயை மாற்றினோம். அடுத்து, ஒரு கிணற்றில் சோப்பு வாடை அடித்தது. அந்தக் கிணற்றோடு இணைந்த வீடுகளில் சம்மதம் கேட்டு, சலவை இயந்திரக் குழாய்களில் மஞ்சள் கரைத்த நீரை ஊற்றினோம். மூன்றாவது வீட்டில் ஊற்றியது தொட்டியில் மஞ்சளாக வந்து விழுந்தது. அவர்களுக்கே அது தெரியாது. முன்பு வேலை பார்த்த பிளம்பர் மழைநீர்க் குழாயோடு இணைத்துவிட்டுப் போயிருந்தார்.

கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால், ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மீறி இழுக்க இழுக்க உப்பு உள்ளே ஏறும். எதிர்வீட்டுப் பாட்டியின் பழைய கிணற்று நீர் இன்னமும் கரிக்கத்தான் செய்கிறது. முன்பைவிடக் குறைவு என்பது அவர் கருத்து, நான் அதை அளந்து பார்க்கவில்லை.

தொட்டிகளைத் தூர்வாரும் முறைப்பட்டியல் மோட்டார் அறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் புரட்டாசி என் முறை. ஏழு வாளி வண்டலை அள்ளிக் கல்வாழை அடியில் கொட்டினேன்.