நத்தா அடிக்கும்போது: முதலில் எதிர்ப்பக்கம் வளையுங்கள்

காட்டில் கூடாரம் போட்டுத் தங்குபவர் தானே அடித்துக்கொள்ள ஒரு ஜப்பானிய வகைக் கத்தி கேட்டால், நத்தாவைத்தான் சொல்வேன். மலைக்காட்டு வேலைக்கென்றே வந்தது அது. கனத்த முதுகு, நேரான வாய் (வெட்டும் விளிம்பு), கிளை கழிக்கவும் விறகு பிளக்கவும் போதுமான எடை. சாதாரண நத்தாவுக்குக் கூர்நுனி கிடையாது. சதுரமாக நறுக்கி நிறுத்தியிருப்பார்கள். இஷிசுகி என்ற வகையில் நுனியில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். வீச்சு தவறித் தரையில் இறங்கினால் கல்லில் படுவது அந்தக் குமிழ்தான், வாய் தப்பிவிடும். வேட்டைக்காரர்களின் கென்னத்தாவில்தான் கூர்நுனி உண்டு. ஷிகோக்கு தீவின் தோசா பகுதிக் கொல்லர்கள் அச்சு இல்லாமல் சுத்தியலாலேயே வடிவம் எடுப்பதில் பேர்போனவர்கள். தோசா கத்திகளுக்கு 1998இல் ஜப்பானிய அரசு மரபுக் கைவினைத் தகுதி கொடுத்தது.

அங்கே மென்மையான இரும்புக்குள் கடின எஃகை வைத்து, வெங்காரம் தூவி உலையிலேயே ஒட்டுவது வழக்கம். முதல் கத்திக்கு அது வேண்டாம். ஒட்டு எங்கே விட்டது என்பது தோய்ச்சலுக்கு, அதாவது சூடான அலகைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவதற்குப் பிறகுதான் தெரியும். 1084 என்ற கார்பன் எஃகுப் பட்டை ஒன்றே போதும். ஜப்பானிய ஷிரோகாமி 2 எஃகில் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம் வரை இருக்கும், மாங்கனீஸ் மிகக் குறைவு. அதைத் தண்ணீரில் தோய்த்தால்தான் முழுக் கடினம் ஏறும். தண்ணீர் என்றால் விரிசல் பயம் கூடவே வரும். 1084க்கு எண்ணெய் போதும்.

பட்டையின் அளவு: 230 மி.மீ. நீளம், 35 அகலம், 6 தடிமன். எடை சுமார் 380 கிராம். இதிலிருந்து 180 மி.மீ. அலகும், பிடிக்குள் போகும் 110 மி.மீ. வாலும் வரும். செதிலாக உதிர்வதற்கும் அரத்தில் போவதற்கும் கால்வாசி எஃகு மிச்சம் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் எடுத்து அடியுங்கள். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் சுத்தியலை வைத்துவிட வேண்டும். அதற்குக் கீழே அடித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், தோய்ச்சலில் அது வாய் பிளக்கும். மத்தாப்பு மாதிரிப் பொறி சிதறினால் எஃகு எரிந்துவிட்டது என்று பொருள். அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான்.

முதலில் வாலை இழுத்துவிடுங்கள். வாலும் அலகும் சேரும் மூலை செங்கோணமாக இருக்கக் கூடாது, குறைந்தது 3 மி.மீ. ஆரத்தில் உருண்டிருக்க வேண்டும். வெட்டுக்கத்திகள் உடைவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

அடுத்ததில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வாய்ப்பக்கத்தை அடித்து மெலிதாக்கினால் அந்தப் பக்கம் மட்டும் நீளும், முதுகு நீளாது. அதனால் அலகு முதுகுப்பக்கமாக வாழைப்பழம் போல வளைந்துகொண்டே போகும். முதுகிலிருந்து வாய் நோக்கி மெலியும் முழுச் சரிவும் அடித்து முடித்த பிறகு நிமிர்த்தப் பார்த்தால், மெலிந்த வாய் நெளிந்து மடியும். எனவே சரிவு அடிப்பதற்கு முன்பே பட்டையை வாய்ப்பக்கமாக வளைத்துவிடுங்கள். நுனி 10 முதல் 15 மி.மீ. வரை இறங்கியிருந்தால் சரி. அடிக்க அடிக்கத் தானாக நேராகும். இரண்டு சூட்டுக்கு ஒருமுறை கத்தியைத் திருப்பி இரு பக்கமும் சமமாக அடியுங்கள். வாய் 1.5 மி.மீ. தடிமனுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மேல்தோலில் கார்பன் எரிந்துபோயிருக்கும். அதைத் தேய்த்து எடுக்கச் சதை வேண்டும்.

கடைசிச் சூடுகளில் மிசு-உச்சி செய்யலாம். பட்டறைக்கல்லையும் சுத்தியலையும் நனைத்து, மங்கிய சிவப்பில் இருக்கும் அலகை மெல்லத் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நீராவி ‘பட் பட்’ என்று வெடித்துச் செதிலைப் பிய்த்தெறியும். அடியில் வழவழப்பான கருந்தோல் தெரியும், அதைத்தான் குரோஉச்சி என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி போடாமல் இதைச் செய்யக் கூடாது.

பிறகு மூன்று முறை நார்மலைசிங், அதாவது சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவது: 870, 820, 780 டிகிரி செல்சியஸ் என்று ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறைத்து, காற்றில் கருக்கும் வரை ஆறவிட வேண்டும். அடித்த சூட்டில் பருத்த மணிகள் (எஃகுக்குள் இருக்கும் படிகத் துகள்கள்) இதில்தான் சிறுக்கும். அதே பட்டையில் வெட்டிய ஒரு சிறு துண்டையும் கூடவே சூடாக்கித் தோய்த்து, வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். முறிவு சர்க்கரை போல மினுங்கினால் மணி பெரிது, இன்னொரு சுற்று வேண்டும். மங்கலான சாம்பல் நிறத்தில் வெல்வெட் போல இருந்தால் தோய்ச்சலுக்குப் போகலாம்.

தோய்ச்சலை வெளிச்சம் குறைந்த இடத்தில் செய்யுங்கள். சிவந்து வரும் அலகில் ஒரு கட்டத்தில் நிழல் போன்ற கருமை ஊர்ந்து மறையும். எஃகு உள்ளே மாறும்போது சூட்டை விழுங்கிக்கொள்வதால் வரும் நிழல் அது. அலகு முழுவதும் அது மறைந்து, காந்தமும் ஒட்டாமல் போன பிறகு, ஒரு சாயல் மட்டும் கூட்டி, ஏறத்தாழ 815 டிகிரியில் எடுக்க வேண்டும். முதுகைவிட வாய் முந்திச் சிவந்தால் உலையிலிருந்து சற்று விலக்கிப் பிடியுங்கள். 50 டிகிரிக்குச் சூடாக்கிய கனோலா எண்ணெய் ஐந்து லிட்டர் தேவை. செங்குத்தாக இறக்கி, வாயும் முதுகும் இருக்கும் திசையில் மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கோணிவிடும். ஏழெட்டு விநாடியில் வெளியே எடுத்தால், கோணலைக் கையுறையோடு நிமிர்த்தச் சில விநாடி கிடைக்கும். அதற்குள் முடியாவிட்டால் கைவைக்காதீர்கள், கண்ணாடி போல உடையும். அரம் போட்டால் பிடிக்காமல் வழுக்க வேண்டும்.

தோய்த்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 220 முதல் 230 டிகிரியில் இரண்டு மணி நேரமாக இருமுறை டெம்பரிங், அதாவது உடையும் தன்மை குறைய மிதமான சூட்டில் வைப்பது. அடுப்பின் முள்ளை நம்ப வேண்டாம், உள்ளே தனியாகத் தெர்மாமீட்டர் வையுங்கள்.

சரிவைத் தேய்த்து இறக்கும்போது அலகை அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். வாயில் நீலம் ஏறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. வாய்க்கு ஹமாகுரி, அதாவது சிப்பியின் ஓடு போல லேசாகப் புடைத்த விளிம்புதான் சரி, மொத்தக் கோணம் 30 டிகிரிக்கு மேல். தட்டையாக மெலித்த வாய் முடிச்சுள்ள கட்டையில் பல் விழும். பிடிக்கு ஓக் மரம், நார் நீளவாக்கில் ஓட வேண்டும். முன்பக்கம் ஓர் இரும்பு வளையம், வால் வழியாக 5 மி.மீ. ஆணி இரண்டு.

பிடியைப் பொருத்துவதற்கு முன் ஒரு சோதனை: பித்தளைக் கம்பியின் மேல் வாயைச் சாய்த்து வைத்து அழுத்துங்கள். விளிம்பு லேசாக வளைந்து திரும்பிவிட்டால் பதம் சரி. சில்லு விட்டால் 10 டிகிரி கூட்டி இன்னொரு முறை டெம்பரிங். மடிந்தே நின்றால், இன்னும் கொஞ்சம் தீட்டிவிட்டு மறுபடி பாருங்கள், மேல்தோல் மட்டும் மென்மையாக இருந்திருக்கலாம். அப்போதும் மடிந்தால் நார்மலைசிங்கிலிருந்து தொடங்க வேண்டும்.