பக்கத்துத் தெரு டீம்

இங்கிலாந்து கால்பந்தை உட்கார்ந்து பார்க்க மிக மோசமான நாடு இங்கிலாந்துதான். சனிக்கிழமை மதியம் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எதையும் இங்கே டிவியில் நேரலையாகக் காட்ட மாட்டார்கள். 2.45 முதல் 5.15 வரை தடை. பெரிய டீம் டிவியில் ஓடினால் சின்ன ஊர் மைதானங்களுக்கு ஆள் வராது என்று 1960களில் செய்த ஏற்பாடு, இன்னும் நிற்கிறது. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை கிராமத்தில் இருந்தவரை, சாயங்கால ஜெபம் முடித்து ஏழரைக்கு உட்கார்ந்தால் அதே ஆட்டம் போனில் ஓடும். இப்போது கிரிஸ்டல் பேலஸ் டீமின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருக்கிறேன். கோல் விழுந்தால் சத்தம் ஜன்னல் வழியே வருகிறது. யார் அடித்தது என்று தெரிந்துகொள்ள ரேடியோவைத் திருக வேண்டியிருக்கிறது.

மனைவி நர்ஸ். அவள் விசாவில்தான் நானும் வந்தேன். தெற்கு லண்டனில் கிராய்டனை ஒட்டிய தார்ன்டன் ஹீத்தில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். லண்டன் ரோட்டில் இறங்கினால் முருங்கைக்காய், இடியாப்பம், கருவாடு எல்லாம் கிடைக்கும். மீன் மட்டும் ஐஸில் செத்துக் கிடக்கும். கடற்கரைக்காரனுக்கு அது மீனே இல்லை. குளிரைப் பற்றி முன்னால் வந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

கிடங்கு வேலையில் சேர்ந்த புதிதில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். தேநீர் இடைவேளையில் ஜமைக்கா வம்சாவளிப் பெரியவர் ஒருவர் முதன்முதலில் கேட்ட கேள்வி, எந்த டீம் என்பதுதான். மான்செஸ்டர் யுனைடெட் என்றேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதுதான். மீதிப் பேர் உலகக் கோப்பை வந்தால் மட்டும் எழுந்துகொள்ளும் அர்ஜென்டினா, பிரேசில் கட்சி. அவர் சிரிக்காமல், "மான்செஸ்டரில் உனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்படியென்றால் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களைப் பார்" என்றார். தன் மகன் வர முடியாத ஒரு நாள், அவனுடைய சீசன் டிக்கெட்டில் என்னை செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குக் கூட்டிப்போனார்.

செல்ஹர்ஸ்ட் பார்க் 1924இல் கட்டியது. டிவியில் பார்த்துப் பழகிய பளபளப்பு எதுவும் கிடையாது. இருபத்தைந்தாயிரம் பேர்தான் கொள்ளும். ஒரு பக்க ஸ்டாண்டின் முதுகில் சூப்பர் மார்க்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில இருக்கைகளுக்கு நேரே தூண் நிற்கும். அங்கே உட்கார்ந்தவர் பாதி ஆட்டத்தைக் கழுத்தால்தான் பார்க்க வேண்டும். பீர் உண்டு, ஆனால் மைதானம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக் குடிக்கக் கூடாது என்று 1985இல் இருந்து சட்டம். எதிர் டீம் ரசிகர்களுக்குத் தனி மூலை, தனி வாசல். ஹோம்ஸ்டேல் என்ற ஸ்டாண்டில் கொடியும் முரசுமாக நிற்கும் இளவட்டத்தைப் பார்த்தபோது எங்கள் ஊரில் கோடைக்காலத்தில் டீமுக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் ஞாபகம் வந்தது. அங்கே மணல், இங்கே புல். நடுவரைத் திட்டுவதில் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

அன்றிலிருந்து நான் கிரிஸ்டல் பேலஸ் ஆள். சரியான வருஷமும் வாய்த்தது. 1990லும் 2016லும் இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் இறுதி வரை வந்து, இரண்டு முறையும் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்ற டீம் இது. (பெரியவர் என் பழைய டீமைக் கேட்டு ஏன் முகம் சுளித்தார் என்பது அப்புறம்தான் புரிந்தது.) 2025 மே 17, வெம்பிளி மைதானத்தில் மறுபடியும் இறுதி ஆட்டம்: மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 16ஆவது நிமிடத்தில் எங்கள் எஸே அடித்த ஒரே கோல். எங்கள் கீப்பர் ஹெண்டர்சன் பெனால்டி எல்லைக்கு வெளியே பந்தைக் கையால் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டையில் இருந்து தப்பினார். பிறகு சிட்டியின் மர்மூஷ் அடித்த பெனால்டியையும் பிடித்தார். நியாயமா என்று சிட்டிக்காரர்கள் கேட்கட்டும். கிளப் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை அது. அன்று இரவு எங்கள் தெருவில் பழக்கமில்லாத மனிதர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். விசா, வாடகை, குளிர் எல்லாவற்றையும் விட அந்த ஒரு இரவுதான் இந்த ஊரை எனக்கு ஊராக்கியது.

ஆனால் இங்கிலாந்துக் கால்பந்தில் சின்னவன் ஜெயித்தால் அடுத்த மாதமே பில் வரும். கோப்பையை வென்றவர்களுக்கு ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் இடம் உண்டு. அமெரிக்கப் பணக்காரர் ஜான் டெக்ஸ்டருக்கு பேலஸிலும் பங்கு, பிரான்ஸின் லியோன் டீமிலும் கை இருந்தது. இரண்டும் ஒரே போட்டியில் ஆடக் கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, பேலஸை மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கியது. அவர் தன் பங்கை விற்றும் பயனில்லை, விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயும் பயனில்லை. பேலஸின் இடம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனது. விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். முதலாளி பல வீடுகளில் சாப்பிட்டதற்கு ரசிகன் பந்தியில் இருந்து எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் செரிக்கவில்லை.

அப்புறம் ஆகஸ்டில் எஸே ஆர்சனலுக்குப் போனார், 6 கோடி பவுண்டுக்கும் மேல். சிறுவயதில் அவரை வேண்டாம் என்று அனுப்பிய அதே ஆர்சனல்தான். வீட்டுக்கார அண்ணன் தீவிர ஆர்சனல். படியேறி வந்து கதவைத் தட்டி, "என்ன தம்பி, உங்கட ஆளை நாங்கள் வாங்கிட்டம், கவலைப்படாதேங்கோ, நல்லாப் பார்த்துக்கொள்ளுவம்" என்றார். வாடகை கேட்டுக்கூட அவர் அவ்வளவு உற்சாகமாக வந்ததில்லை.

செப்டம்பர் 1, வீரர்களை வாங்கி விற்கக் கடைசி நாள். அதற்கு முந்தைய நாள்தான் ஆஸ்டன் வில்லாவை அதன் மண்ணிலேயே 3-0 என்று அடித்திருந்தோம். கேப்டன் கேஹியும் ஒரு அருமையான கோல் போட்டிருந்தார். மறுநாள் அவர் லிவர்பூலுக்குக் கிட்டத்தட்ட போயே விட்டார். பதிலுக்கு ஆள் கிடைக்காததால் பேலஸ் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டது. அதே நாளில் லிவர்பூல் நியூகாசில் வீரர் இசாக்குக்கு 12.5 கோடி பவுண்டு கொடுத்தது. இந்த நாட்டில் அதுவரை ஒரு வீரருக்குக் கொடுத்த மிகப் பெரிய தொகை. 2025 கோடையில் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து செலவழித்தது 300 கோடி பவுண்டுக்கு மேல்.

சரி, இதை எழுதுவது 2025 செப்டம்பரில்; சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது, என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூல் காசு கொட்டியிருக்கிறது, ஆனால் நல்ல டீமில் இவ்வளவு புதுமுகங்களை ஒரே நேரத்தில் நுழைத்தால் பின்வரிசை தடுமாறும். பிரீமியர் லீக் பட்டம் ஆர்சனலுக்கு. கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் அவர்கள் அளவுக்கு இன்று யாரும் உழைக்கவில்லை. அழகாக இல்லை என்று முணுமுணுப்பவர்கள் மே மாதம் புள்ளிப் பட்டியலைப் பார்க்கட்டும்.

கீழே: கடந்த இரண்டு சீசன்களிலும் இரண்டாம் அடுக்கில் இருந்து மேலே வந்த மூன்று டீமும் வந்த வேகத்தில் திரும்பிப் போயின. இந்த முறை அப்படி நடக்காது. இந்த முறை மேலே வந்து, தன் முதல் ஆட்டத்திலேயே வெஸ்ட் ஹாமை 3-0 என்று அடித்த சண்டர்லாண்ட் தங்கும். ஷாக்கா மாதிரி ஒரு மூத்தவரை நடுவில் நிறுத்தியதே பாதி வேலை. குன்யாவையும் ஐத்-நூரியையும் விற்ற வுல்வ்ஸ் இறங்கும். என் பழைய காதல் யுனைடெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். நான்காம் அடுக்கில் ஆடும் கிரிம்ஸ்பியிடம் லீக் கோப்பையில் பெனால்டியில் 12-11 என்று தோற்றவர்களுக்குக் கணிப்பு எதற்கு?

பேலஸ்? பட்டியலில் நடுவில் நிற்கும், கான்ஃபரன்ஸ் லீக்கில் கடைசி வரை போகும். பயிற்சியாளர் கிளாஸ்னரின் ஒப்பந்தம் 2026 கோடையில் முடிகிறது, கேஹியுடையதும் அப்போதுதான். இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள் என்று இப்போதே மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இன்னொரு கணிப்பு, பத்து வருஷத்துக்கானது: பிரீமியர் லீக்கில் ஒரு தமிழ்ப் பையன் ஆடுவான். வேல்ஸில் ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லிக்கு ஆடுவதைப் பார்த்த பிறகு, அண்ணன் தன் மகனை டியூஷனோடு பயிற்சிக்கும் அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்.

ஆர்சனல்தான் சாம்பியன் என்று சொன்னதும் அண்ணன் மகிழ்வார் என்று பார்த்தால், முகம் இருண்டுவிட்டது. "சும்மா வாய் வையாதேங்கோ தம்பி. மூன்று வருஷமா ரெண்டாவது. இந்த முறையும் ரெண்டாவதுதான்" என்றார். ஒரு பெட்டி அல்போன்சா மாம்பழத்துக்குப் பந்தயம் கட்டியிருக்கிறோம். அவருடைய டீமுக்காக நான், அதற்கு எதிராக அவர். மே மாதம் அந்தப் பெட்டிகள் லண்டன் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும், லீக்கும் அப்போதுதான் முடியும்.