கூரைமேல் நாய் நின்ற பப்

வெள்ளிக்கிழமை ராத்திரி தெற்கு லண்டன் பிரிக்ஸ்டனில் ‘தி விண்ட்மில்’ பப்புக்குக் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். வீடுகளுக்கு நடுவே சாதாரணக் கட்டடம். பக்கத்தில் 1816இல் கட்டிய நிஜக் காற்றாலை இருக்கிறது, பெயர் அதனால்தான். ஒரு காலத்தில் கூரைமேல் நாய் நின்று வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்குமாம்!

உள்ளே 150 பேர் வந்தாலே மூச்சு முட்டும். மேடை முழங்கால் உயரம்கூட இல்லை. இரண்டாவது பாட்டிலேயே கிடார் வாசித்த பையனின் தந்தி அறுந்தது. முன்னால் நின்ற பெண் போன் டார்ச் பிடிக்க, அந்தப் பையன் அங்கேயே குந்தி மாற்றிக்கொண்டான். எனக்கு அதுதான் கச்சேரியின் உச்சம். பிளாக் மிடி, பிளாக் கன்ட்ரி நியூ ரோட் என்ற ராக் இசைக்குழுக்கள் எல்லாம் இங்கே வாசித்து வளர்ந்து, சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசுப் பட்டியல்வரை போனவர்கள்.

2023இல் மட்டும் பிரிட்டனில் இப்படி 125 சின்ன இடங்களில் இசை நின்றுபோனதாக, இத்தகைய இடங்களுக்காக இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பின் கணக்குச் சொல்கிறது. காரணம் வாடகை, கரண்டு பில், அப்புறம் பக்கத்தில் புதிதாகக் குடிவந்து சத்தம் என்று புகார் கொடுப்பவர்கள். (கோயிலை ஒட்டி வீடு வாங்கிவிட்டு மணியோசை தாங்கவில்லை என்பது மாதிரி.) 2018இல் இங்கிலாந்தில் விதியைத் திருத்தினார்கள்: சத்தத்தைத் தடுக்கும் பொறுப்பு புதிதாகக் கட்டுபவருக்கே. சரியான வேலை.

காது இன்னும் ‘ஙொய்ங்’ என்கிறது. அடுத்த முறை பஞ்சோடு போக வேண்டும்.