தோலுரிக்கும் மரவட்டைகளுக்குக் காவல்: தண்டையார்பேட்டை நாட்குறிப்பு

அக்டோபர் 5

நான் பெட்டியில் வளர்க்கும் ஐந்து மரவட்டைகளில் இரண்டு மேலே வருவதை நிறுத்திவிட்டன. அவை விரும்பித் தின்னும் வெள்ளரித் துண்டு தொடப்படாமலே கிடக்கிறது. பக்கச் சுவரை ஒட்டி, மண்ணும் எச்சமும் சேர்த்துப் பூசி மெழுகிய சிற்றறை ஒன்று பாதி தெரிகிறது. அதற்குள் ஒன்று சுருண்டு படுத்திருக்கிறது. தோலுரிப்புக்கு, அதாவது பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு பெறுவதற்கு, ஆயத்தமாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. வெளிச்சம் படாதிருக்க அந்தப் பக்கத்தில் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டேன். இனி அவை தாமாக மேலே வரும்வரை மண்ணை யாரும் கிளறக் கூடாது.

அக்டோபர் 6

மரவட்டை மண்ணுக்குள் போன பிறகு நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. செய்ய வேண்டியவற்றை முன்பே மண்ணில் செய்து வைத்திருக்க வேண்டும். ஆகவே என் பெட்டியின் மண்ணைப் பற்றிச் சற்று விரிவாக எழுதி வைக்கிறேன். இவை மழைக்காலத்தில் நம் பகுதிச் சுவர்களில் ஏறும் துருச்சிவப்பு மரவட்டைகள். அறிவியல் பெயர் டிரிகோனியூலஸ் கோரல்லினஸ். மண்ணின் ஆழம் அவற்றின் உடல் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கும்படி, ஏறத்தாழ ஒரு சாண் அளவுக்கு நிரப்பியிருக்கிறேன். மக்கிய இலையும், கையால் நொறுக்கினால் உதிரும் அளவுக்கு உளுத்துப்போன முருங்கை மரத்துண்டுகளுமே அதில் பெரும்பகுதி. தென்னை நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர அதில் சத்து இல்லை என்பதால் சிறிதளவே கலந்தேன். இலைக்கு வாதாமரத்துச் சருகும் மாஞ்சருகும் போதும். லாரிகள் ஓடும் சாலையோரத்தில் பொறுக்காமல், உள்தெருவில் பொறுக்கிக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்துக்கொள்வேன்.

வேப்பிலையை மட்டும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சிகளின் தோலுரிப்பை நடத்தும் சுரப்பைக் குலைக்கக்கூடியது. மரவட்டை பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று என்றாலும், அதன் தோலுரிப்பை நடத்துவதும் அதே வகைச் சுரப்புதான். நர்சரிகளில் விற்கும் கலவை மண்ணில் பெரும்பாலும் வேப்பம் புண்ணாக்கு கலந்திருப்பார்கள் என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதை வாங்குவதில்லை.

சுண்ணாம்புச் சத்துக்குக் காசிமேட்டில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கழுவி, உப்புப் போக ஊறவைத்து, காயவைத்துப் பொடித்துக் கலக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் இதையே கடல்நுரை என்று கேட்டு வாங்கலாம். முட்டை ஓட்டுத் தூளும் நல்லதே. மரவட்டையின் மேலோடு சுண்ணாம்பால் உறுதிப்படுவது. அந்தச் சத்து உடலில் சேர்ந்திராவிட்டால் புதிய ஓடு சரியாக இறுகாது.

அக்டோபர் 11

தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கத் தொடங்கிவிட்டோம். அலமாரியை நகர்த்த வேண்டும் என்று அம்மா சொன்னார். இரண்டும் தோலுரிக்கும் நிலையில் இருப்பதையும், பெட்டியைத் தூக்கினால் அறை இடிந்துவிடக்கூடும் என்பதையும் விளக்கிச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “சரிப்பா, அந்த மூலையை மட்டும் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். பெட்டி இருக்கும் வீட்டு அறைக்குள் பினாயிலும் எறும்புச் சாக்குக்கட்டியும் கொண்டுவர வேண்டாம் என்பதற்கும் ஒப்புக்கொண்டார். அம்மாவுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்டோபர் 19

அக்காள் மகன் வந்திருந்தான். “மாமா, செத்துப் போயிருந்தா என்ன செய்வீங்க? கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமா?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். பழைய ஓட்டைக் கழற்றியதும் மரவட்டை வெளிறிப்போய், விரல் பட்டாலே காயப்படும் அளவுக்கு மென்மையாக இருக்கும். கால்களும் இறுகியிராததால் அதனால் நகரவோ மண்ணைத் தோண்டவோ இயலாது. இடிந்த அறையை மறுபடி கட்டிக்கொள்ளவும் முடியாது. கழற்றிய சட்டையை அங்கேயே கிடந்து தின்று, அதிலிருந்த சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும். நாம் தோண்டி வெளியே எடுத்தால், அந்தச் சட்டையும் அதற்குக் கிடைக்காமல் போய்விடும். உண்மையிலேயே இறந்திருந்தால் அழுகல் நாற்றம் நமக்குத் தானாகவே தெரியவரும். தவறுதலாக அறை திறந்துகொண்டால்கூட, விலங்கைத் தொடாமல், மேலே ஒரு சிறு மூடியைக் கவிழ்த்து, ஈரமும் இருட்டும் குறையாமல் விட்டுவிடுவதே நல்லது.

ஆயிரம் கால் உண்மையிலேயே இருக்குமா என்றும் கேட்டான். 2021ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவிக்கப்பட்ட ஓர் இனத்தில் 1,306 கால்கள் வரை உண்டு. நம் மரவட்டைகளோ முட்டையிலிருந்து வரும்போது மூன்று இணைக் கால்களோடுதான் வருகின்றன. குஞ்சுப் பருவத் தோலுரிப்புகளில்தான் வளையங்களும் கால்களும் கூடிக்கொண்டே போகின்றன.

அக்டோபர் 24

நல்ல மழை. ஈரத்துக்குப் பயந்து எறும்புகள் வீட்டுக்குள் ஏறுகின்றன. ஓடு இறுகாத மரவட்டையை எறும்புக் கூட்டம் உயிரோடு தின்றுவிடும். நீர் நிரப்பிய தாம்பாளத்தின் நடுவே செங்கல் வைத்து, பெட்டியை அதன் மேல் அமர்த்தும் ஏற்பாட்டை முன்பே செய்திருந்ததால், இப்போது தாம்பாளத்து நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அக்டோபர் 30

மாலையில் தெருவில் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். சன்னல்களைச் சாத்தி, ஈரத் துணியால் பெட்டியை மூடி வைத்தேன். கொசுவைக் கொல்லும் மருந்து மரவட்டையையும் விட்டுவைக்காது. புகை அடங்கிய பிறகுதான் துணியை எடுத்தேன்.

மண்ணின் மேற்பரப்பு காய்ந்திருந்தது. நீரை மேலிருந்து தெளித்தால் அறைக்குள் இறங்கிவிடும் என்று, அறைக்கு எதிர் மூலையில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டேன். மரவட்டை, கால்கள் உடலோடு சேரும் இடத்தருகே உள்ள நுண்துளைகளால் மூச்சு விடுவதால், சேறாகிவிட்ட மண்ணில் அது மூச்சடைத்துப்போகும். காய்ந்த மண்ணிலோ உடல்நீர் வற்றிப்போகும். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது என்பதே என் அளவு. எங்கள் ஆழ்குழாய் நீர் உப்பு என்பதால் பிடித்து வைத்த மழைநீரையே பயன்படுத்துகிறேன்.

நவம்பர் 9

ஒன்று மேலே வந்துவிட்டது! உடல் முழுவதும் புதுச் செம்மை. வளையங்களின் விளிம்பு பளபளக்கிறது. கையில் ஏந்த மிகுந்த ஆசையாக இருந்தாலும் எடுக்கவில்லை. ஓடு முழுதும் உறுதிப்பட இன்னும் சில நாள் பொறுக்கலாம். அச்சுறுத்தினால் இவை கசியவிடும் நீரில் பென்சோகுவினோன்கள் என்னும் எரிச்சலூட்டும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் பழுப்புக் கறை படியும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். அவற்றைத் தொட நேரும்போதெல்லாம் உடனே கை கழுவிவிட வேண்டும் என்று அக்காள் மகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். புதிய வெள்ளரித் துண்டும் கணவாய் ஓட்டுத் துண்டும் வைத்தேன். அது முதலில் மக்கிய மரத்துண்டைத்தான் கொறித்தது.

நவம்பர் 16

மற்றொன்று இன்னும் கீழேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் காலம் வேறுபடும் என்பதால் நான் கவலைப்படவில்லை, நாற்றமும் இல்லை. மேலே உலவும் நான்கும் மண்ணைத் துளைக்கும்போது அதன் அறையை இடித்துவிடக்கூடும் என்று, அவற்றை இன்று இரண்டாம் பெட்டிக்கு மாற்றினேன். அந்தப் பெட்டியிலும் அதே கலவைதான், அதே ஆழம்தான். பழைய பெட்டியில் மேலே ஒரு கைப்பிடி வாதாஞ்சருகு மட்டும் சேர்த்தேன். கறுப்புத் தாளை எடுக்கவில்லை.