பெல்கிரேட், 2000: கணக்கு டீச்சரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 24, ஞாயிறு

யூகோஸ்லாவிய ஜனாதிபதித் தேர்தல். எதிர்க்கட்சி வேட்பாளர் கோஷ்டுனிட்சாவுக்கு ஓட்டுப் போட்டாயிற்று. அவர்மேல் பெரிய நம்பிக்கை ஒன்றுமில்லை. பதினெட்டுக் கட்சிகள் சேர்ந்து நிறுத்திய ஆள். அந்தப் பதினெட்டும் ஒன்றாக உட்கார்ந்ததே அதிசயம். மாமியார் வழக்கம்போல ஜனாதிபதி மிலோஷெவிச்சுக்கு. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து பால்கனியில் மிளகாய் சுட்டோம். தேர்தல் என்றால், சுட்ட மிளகாயில் செய்யும் அய்வார் தொக்கு காத்திருக்குமா?

செப்டம்பர் 29

தேர்தல் ஆணையக் கணக்கு: கோஷ்டுனிட்சா 48.96 சதவீதம், மிலோஷெவிச் 38.62. ஐம்பது வரவில்லையாம், அக்டோபர் 8-இல் மறுபடி ஓட்டாம். எதிர்க்கட்சிகள் கூட்டினால் ஐம்பதைத் தாண்டுகிறது. பணம் மதிப்பிழந்த 1993-இல் ஐம்பதாயிரம் கோடி தினார் நோட்டைப் பார்த்தவள் நான், இவர்கள் கணக்கு எனக்குப் புதிதல்ல. கோலுபாரா சுரங்கத்தில் இன்று வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. அந்த நிலக்கரி நின்றால் நாட்டில் பாதி விளக்கு எரியாது.

அக்டோபர் 5

"நீ வராதேம்மா" என்றான் மகன், ஓட்போர் மாணவர் எதிர்ப்பு இயக்கத்தின் முஷ்டிச் சின்னம் போட்ட சட்டையோடு. 1991 மார்ச்சில் மிலோஷெவிச்சை எதிர்த்த கூட்டத்தை அடக்க டாங்கி வந்தபோது நான் தெருவில் நின்றவள். உள்ளாட்சித் தேர்தலில் நாங்கள் ஜெயித்ததை அரசு ஒப்புக்கொள்ளாத 96 குளிர்காலத்தில் தினமும் இரவுச் செய்தி நேரத்தில் பானையைத் தட்டினவள். "அப்பவெல்லாம் தோத்தீங்களே" என்கிறான். நகராட்சிகளையாவது வாங்கினோமே! போனேன்.

சாச்சாக் ஊர்க்காரர்கள் மேயர் தலைமையில் போலீஸ் தடுப்புகளைத் தள்ளிவிட்டு வந்திருந்தார்கள். பிற்பகலில் கண்ணீர்ப்புகை. கண்ணைத் திறந்தபோது பாராளுமன்ற ஜன்னல்களில் புகை, யாரோ ஒருவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். திருட்டுதான். யாரும் தடுக்கவில்லை, நானும்தான்.

புல்டோசர் அரசு டிவி நிலையத்துக்குப் போனது. நிலையம் எரிந்தபோது கை தட்டினேன். போன வருடம் அதே வளாகத்தில் நேட்டோ குண்டுக்கு 16 ஊழியர்கள் பலியானபோது அழுதவளும் நானேதான். இரண்டையும் எப்படிக் கூட்டுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 6

இரவு டிவியில் மிலோஷெவிச் தோல்வியை ஒப்புக்கொண்டார். கொஞ்சம் ஓய்வெடுத்துப் பேரனோடு நேரம் செலவழிக்கப் போகிறாராம். "அந்தப் பிள்ளை பாவம்" என்றேன். மாமியார் முறைத்தார்.

அக்டோபர் 14

கடையில் எண்ணெய் வந்துவிட்டது, விலைதான் கையைச் சுடுகிறது. சம்பளம் வரவில்லை. கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் 5-ஆம் தேதி பாராளுமன்ற வாசலில் நின்றார்களாம். ஆளுங்கட்சிக் கூட்டம் ஒன்று விடாத மூன்றாம் மாடிக்காரர்கூடக் கண்ணீர்ப்புகை பற்றிப் பாடம் எடுக்கிறார். மிலோஷெவிச்சுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்று இன்னும் சொல்பவர் என் மாமியார் மட்டுமே. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது.