பிடி-1 ஆன்டிபாடியும் மருந்து ஏறிய டி செல்களும்

பிடி-1 என்பது நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு தடுப்பு ஏற்பி. அதைப் பார்ப்பது, டி செல்லை அடையாளம் காட்டும் புரதங்களான சிடி3, சிடி4 பார்ப்பது போல் அல்ல. சிடி3, சிடி4 இரண்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி (நிறமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் ஓடவிட்டு ஒளியை அளக்கும் முறை) திரையில் தனிக் கூட்டமாகப் பிரிந்து நிற்கும். பிடி-1 ஒரு சரிவாகத்தான் தெரியும், உள்ளது, இல்லாதது என்று எங்கே கோடு கிழிப்பது என்பதே பெரிய கேள்வி. அதனால் ஆன்டிபாடி வாங்கியதும் எங்கள் முதல் வேலை அளவு பார்ப்பது. படிப்படியாக நீர்த்து, பின்னணி ஏறாமல் சிக்னல் நன்றாகப் பிரியும் அளவைப் பிடித்தோம். ஆன்டிபாடியோடு ஒட்டியிருக்கும் ஒளிரும் நிறம் பிஇ. மங்கலான இலக்குக்குப் பிரகாசமான நிறம் வேண்டும். அதைவிட மங்கலான எஃப்ஐடிசி நிறத்தை சிடி3-க்கு ஒதுக்கிவிட்டோம்.

கோடு கிழிக்க நாங்கள் நம்பியது எஃப்எம்ஓ கண்ட்ரோலை, அதாவது பிடி-1 ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற நிறங்கள் எல்லாம் சேர்த்த குழாயை. ஐசோடைப் கண்ட்ரோலை, அதாவது இலக்கைப் பிடிக்காத அதே வகை ஆன்டிபாடியை, வைத்து கேட் (எல்லைக் கோடு) போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மற்ற நிறங்களிலிருந்து கசிந்து வரும் ஒளியை அது காட்டாது. இறந்த செல்கள் எதையும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் பிரித்துக்காட்டும் வயபிலிட்டி சாயமும் கட்டாயம். பிடி-1 தெரிந்தே ஆக வேண்டிய பாசிட்டிவ் கண்ட்ரோலாக, ஆரோக்கியமானவரின் டி செல்களை சிடி3, சிடி28 ஆன்டிபாடிகளால் தூண்டி வைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் ஒழுங்காக ஓடியது. பிடி-1-ஐ மறிக்கும் புற்றுநோய் மருந்து ஏற்றிய சிகிச்சைக்குப் பிந்தைய ரத்தம் வந்தபோதுதான் சிக்கல். சிகிச்சைக்கு முன் தெளிவாகத் தெரிந்த பிடி-1, அதே நபரிடம் பின்னர் ஏறக்குறைய காணவே இல்லை.

தசுக்கு ஹோஞ்ஜோவின் குழு ஜப்பானின் கியோட்டோவில் பிடி-1 மரபணுவை 1992-இல் அறிவித்தது; அதன் தொடர்ச்சியான ஆய்வுகளுக்கு அவருக்கு 2018-இல் நோபல் கிடைத்தது. இன்று அந்த ஏற்பியை மறிக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டுமே ஐஜிஜி4 என்ற துணைவகை ஆன்டிபாடிகள். எங்கள் கையில் இருந்த பிடி-1 ஆன்டிபாடியான ஈஎச்12.2எச்7 குளோன் (ஒரே மூலச் செல்லிலிருந்து வரும் ஆன்டிபாடி) போய் ஒட்ட வேண்டிய இடத்தை மருந்து முன்பே பிடித்து வைத்திருக்கும். ஏற்பி அங்கேயேதான் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. நிவோலுமாப் ஒரே தடவை ஏற்றினாலும், ரத்த டி செல்களின் பிடி-1-இல் பெரும்பகுதியை அது இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்திருப்பது 2010-இல் வெளியான முதல்கட்டப் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது.

சந்தேகத்தை நேரடியாகச் சோதித்தோம். தூண்டிய செல்களை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் மருந்தைச் சேர்த்து ஊறவைத்து, கழுவி, இரண்டையும் ஒரே மாதிரி சாயமேற்றினோம். மருந்து பட்ட குழாயின் வரைபடம் இடப்பக்கம் சரிந்து எஃப்எம்ஓவோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. சிகிச்சை பெற்றவர்களின் செல்களில் பிடி-1 குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய தவறான செய்தி போயிருக்கும்!

அதன்பின் வழியை மாற்றினோம். செல்லில் ஒட்டியிருக்கும் மருந்தையே மனித ஐஜிஜி4-க்கு எதிரான ஆன்டிபாடியால் பிடித்தோம். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகளை அடைக்கப் பலரும் மனித ஐஜிஜி கலவையை ஊற்றுவார்கள். அதில் ஐஜிஜி4-உம் இருக்கும்; செல்லில் தங்கினால் பின்னணி ஏறிவிடும். ஆகவே முதலில் நன்றாகக் கழுவி, ஐஜிஜி4 சாயத்தை ஏற்றி, மறுபடி கழுவிய பிறகே மற்றவை. கணக்கெடுப்பது சிடி3 கேட்டுக்குள் மட்டும், ஏனென்றால் மோனோசைட்டுகளும் பி செல்களும் தங்கள் பங்குக்கு ஐஜிஜி4 சுமக்கக்கூடும்.

பிடி-1 இருக்கிறது என்பதால் அந்தச் செல் களைத்துப்போனது (நீண்ட தூண்டலால் செயல் மங்கியது) என்று நாங்கள் எழுதுவதில்லை. புதிதாகத் தூண்டப்பட்ட செல்லிலும் அது ஏறும். களைப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் டிம்-3, லாக்-3, டாக்ஸ் ஆகிய மற்ற அடையாளப் புரதங்களையும் சேர்த்தே பார்க்கிறோம். எந்த சாம்பிள் வந்தாலும், கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்று கேட்டு வாங்கிய பிறகுதான் குளோனைத் தேர்ந்தெடுக்கிறோம்.